மஞ்சப்பையில் என்ன இருக்க வேண்டும்: அமெரிக்காவில் குடியேற்ற வக்கீலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் நடக்கும் ஒரு இலவச சட்ட முகாமில் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உட்காருகிறேன். நான் வக்கீல் இல்லை. வக்கீல் கேட்பதைத் தமிழில் சொல்வது, வந்தவர் சொல்வதை இங்கிலீஷில் சொல்வது, அவ்வளவுதான் என் வேலை. ஒருவருக்கு 40 நிமிஷம் கிடைக்கும். அதில் பாதி நேரம் "அந்தப் பேப்பர் எங்கே?" "அது அவர்கிட்ட இருக்கு" என்பதிலேயே கரைந்துவிடுகிறது. அந்தப் பாதியை மிச்சம் பிடிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் யாரிடம் போகக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே போய் மாட்டியவள். 2004-இல் ஹெச்-4-இல் (வேலை விசாவில் வருபவரின் மனைவிக்குத் தரும் விசா) வந்தேன், 2011-இல் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு, 2017-இல் சிட்டிசன்ஷிப்புக்குப் போட்டேன். கடைத்தெருவில் வரி பேப்பர் போட்டுக் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் "இமிக்ரேஷன் கன்சல்டன்ட்" என்று போர்டு வைத்திருந்தார். நம்ம ஊர்க்காரர், தமிழில் பேசினார், அது போதும் என்று நினைத்துவிட்டேன். 2014-இல் அப்பா படுக்கையில் கிடந்தபோது 7 மாதம் பாளையங்கோட்டையில் இருந்தேன். அந்தப் பயணத்தை அவர் ஃபாரத்தில் எழுதவே இல்லை. "எதுக்கு வம்பு" என்றார். நேர்காணலில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டி, சென்னை விமான நிலைய முத்திரையில் விரலை வைத்தார். அதற்குப் பிறகு வீட்டு லீஸ், அந்த வருட வரிக்கணக்கு, மகளுடைய பள்ளிக்கூடப் பதிவு என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கொடுத்து முடிக்க ஒரு வருடம் ஆனது. கன்சல்டன்டைத் தேடிப் போனால் அந்தக் கடை நகம் வெட்டி அழகுபடுத்தும் கடையாக மாறியிருந்தது.

அமெரிக்காவில் குடியேற்ற விஷயத்தில் சட்ட ஆலோசனை சொல்ல இரண்டே வகை ஆட்களுக்குத்தான் அனுமதி. ஒன்று, ஏதாவது ஒரு மாநிலத்தில் உரிமம் உள்ள வக்கீல். இது மத்திய அரசின் சட்டம் என்பதால் டெக்சாஸ் உரிமம் உள்ளவர்கூட நியூ ஜெர்சிக்காரருக்குப் பார்க்கலாம். இரண்டு, நீதித் துறை அங்கீகரித்த தொண்டு அமைப்பில் இருக்கும் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி. இவர் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, ஃபீஸும் பெரும்பாலும் குறைவு. அங்கீகரித்த அமைப்புகள், பிரதிநிதிகளின் பட்டியல் நீதித் துறையின் இணையதளத்தில் மாநில வாரியாக இருக்கிறது. நோட்டரி என்ற போர்டைப் பார்த்து நம்மவர்கள் ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. நம்ம ஊரில் நோட்டரி என்றால் கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல். இங்கே நோட்டரி என்பவர் நீங்கள் கையெழுத்துப் போடுவதற்குச் சாட்சி, அவ்வளவுதான். மருந்துக்கடையில் இருப்பவர்கூட நோட்டரியாக இருப்பார்.

நீங்கள் போய்ப் பார்க்கிறவர் உண்மையான ஆளா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: "எனக்காக ஜி-28 ஃபாரத்தில் கையெழுத்துப் போடுவீர்களா?" உங்கள் சார்பில் நான் ஆஜராகிறேன் என்று அரசுக்குச் சொல்லும் ஃபாரம் அது. மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், அனுப்பிய எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஃபீஸ் எவ்வளவு, அதில் எதெல்லாம் அடங்கும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

வீட்டில் அடி, மிரட்டல் என்று வருபவர்களுக்கு

இந்த வகையில் வருபவர்களிடம் வக்கீல் முதலில் கேட்பது அடியைப் பற்றி இல்லை. "உங்கள் கணவர் இன்றைய தேதிக்கு என்ன விசா ஸ்டேட்டஸில் இருக்கிறார்?" என்பதுதான். கேட்கும்போது பல பெண்களுக்கு முகம் சுருங்கிவிடும், நம் வேதனையைக் கேட்காமல் அவர் பேப்பரைக் கேட்கிறாரே என்று. ஆனால் வழி பிரிவது அங்கேதான்.

கணவர் அமெரிக்கக் குடிமகன் அல்லது கிரீன் கார்டு உள்ளவர் என்றால், அவருக்குத் தெரியாமல், அவர் கையெழுத்து இல்லாமல், நீங்களே உங்களுக்காக மனுப் போடலாம். 1994-இல் வந்த, பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம் கொடுத்த உரிமை இது. ஃபாரத்தின் பெயர் ஐ-360, இந்த வகை மனுவுக்கு ஃபீஸ் கிடையாது. சட்டத்தின் பெயரில் பெண் என்று இருந்தாலும் அடிபட்ட ஆண்களும் போடலாம். குடிமகனான மகனோ மகளோ கொடுமைப்படுத்தினால் அப்பா அம்மாவும் போடலாம். இந்த மனு விவரத்தை அரசு அவரிடம் சொல்லக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அவர் கொடுக்கும் தகவலை மட்டும் வைத்து உங்களுக்கு எதிராக முடிவெடுக்கவும் கூடாது. "நான் ஒரு லெட்டர் போட்டா உன்னை அடுத்த ஃப்ளைட்ல ஏத்திடுவாங்க" என்று சொல்லாத கணவனை நான் இந்த முகாமில் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

கல்யாணமாகி இரண்டு வருடம் முடிவதற்குள் கிரீன் கார்டு வந்திருந்தால் அது நிபந்தனையோடு வரும் 2 வருடக் கார்டு. நிபந்தனையை நீக்க ஐ-751 போட வேண்டும். வழக்கமாக இருவரும் சேர்ந்து, காலாவதிக்கு முந்தைய 90 நாளுக்குள் போடுவது. அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் விலக்குக் கேட்டுத் தனியாகப் போடலாம். கொடுமை என்பதும் ஒரு காரணம், விவாகரத்தும் ஒரு காரணம். தனியாகப் போடுவதற்கு அந்த 90 நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை.

நம் ஆட்களில் நிறையப் பேர் மாட்டுவது மூன்றாவது இடத்தில்: கணவர் ஹெச்-1பி வேலை விசா, மனைவி ஹெச்-4. இதற்கு ஐ-360 செல்லாது. வருத்தமாக இருக்கிறது, ஆனால் தெரிந்துகொள்ளுங்கள். இவர்களுக்கு ஐ-765வி என்று ஒரு ஃபாரம் உண்டு. வேலை செய்ய அனுமதி தரும், கிரீன் கார்டு தராது. போலீஸுக்கு உதவிய குற்றப் பாதிப்பாளர் என்ற வகையில் யூ விசா கேட்கலாம். வீட்டு வன்முறை அந்தக் குற்றப் பட்டியலில் இருக்கிறது. அதற்குப் போலீஸ் அல்லது அரசு வக்கீல் அலுவலகம் ஒரு சான்றுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும், போட்ட 6 மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். வருடத்துக்கு 10,000 பேருக்குத்தான் யூ விசா என்பதால் வரிசை பல வருடம் நீளும். அதனால் போலீஸ் வந்தால் ரிப்போர்ட் எண்ணைக் கட்டாயம் கேட்டு வாங்கி வையுங்கள். இன்னொன்று, விவாகரத்து ஆனால் ஹெச்-4 போய்விடும். அவருடைய கிரீன் கார்டு விண்ணப்பத்தோடு உங்கள் பெயரும் போயிருந்தால், அதுவும் கையை விட்டுப் போய்விடலாம். விவாகரத்துப் பேப்பரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் குடியேற்ற வக்கீலைப் பார்த்தே ஆக வேண்டும். கணவர் ஊருக்குப் போய் அங்கே கோர்ட்டில் வழக்குப் போட்டு உங்களுக்கு சம்மன் வந்தாலும் அப்படித்தான், ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். ஐ-360 போடுகிறவர்களுக்கு விவாகரத்துக்குப் பின் 2 வருடம்தான் கெடு. அந்த மனு ஏற்கப்படுவதற்கு முன் மறுமணம் செய்தால் மனு விழுந்துவிடும்.

சரி, மஞ்சப்பைக்கு வருகிறேன்.

போன வருடம் ஒரு பெண் வந்தாள், மதுரைப் பக்கம். கையில் கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுத்த மஞ்சப்பை, தம்பதி பெயர்கூட அதில் அச்சிட்டிருந்தது. "எங்கிட்ட ஒண்ணும் இல்லக்கா, எல்லாம் அவர் லாக்கர்ல இருக்கு" என்று உட்கார்ந்தாள். பையைக் கவிழ்க்கச் சொன்னார் வக்கீல். மகளுடைய பள்ளிக்கூட அவசரத் தொடர்புத் தாள். அப்பா அம்மா இருவர் பெயரும், ஒரே வீட்டு முகவரியும். அவசர சிகிச்சைக்குப் போன ரசீது. அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு, வீட்டுச் செலவுக் கணக்கு. ஒவ்வொரு சென்ட்டுக்கும் அவர் கணக்குக் கேட்பாராம். "தக்காளி 3.49. பால் 4.29." அடுத்த வரி: "இன்று போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்." கொஞ்சம் தள்ளி, "அரிசி 21.99. சாவி தரவில்லை."

நான் இதை இங்கிலீஷில் சொன்னபோது வக்கீல் நிமிர்ந்தார். "எந்தச் சாவி?" வீட்டுச் சாவிதான். காலையில் வெளியே பூட்டிவிட்டு ஆபீஸ் போவாராம். அடித்தது இரண்டே தடவை என்பதால் தன் கேஸ் நிற்காது என்று அவள் நினைத்திருந்தாள். சட்டத்தில் அடி மட்டும் இல்லை, கடுங்கொடுமை என்பதும் இருக்கிறது. பூட்டி வைப்பது, பணத்தை அடக்கி வைப்பது, ஆட்களோடு பேச விடாதது, ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுவது எல்லாம் சேர்ந்து அதில் வரலாம். தேதி போட்டு, யாருக்காகவும் இல்லாமல் எழுதிய அந்தக் கணக்கு நோட்டுக்கு இருந்த மதிப்பு ஒரு கட்டுப் புகைப்படத்துக்கு இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

உங்கள் பையில் என்ன வேண்டும் என்றால், நிரூபிக்க வேண்டியவற்றை வைத்து யோசியுங்கள். கல்யாணம் உண்மையானது: பதிவுச் சான்று, அழைப்பிதழ், ஆல்பத்திலிருந்து நாலு படம், சேர்ந்து போட்ட வரிக்கணக்கு. ஒரே வீட்டில் இருந்தீர்கள்: லீஸ், கரண்ட் பில், இருவர் பெயருக்கும் அந்த முகவரிக்கு வந்த எந்தக் கடிதமும். அவர் ஸ்டேட்டஸ்: பாஸ்போர்ட் அல்லது கிரீன் கார்டின் போன் படம், குடியேற்றத் துறை அவருக்குக் கொடுத்த, ஏ-யில் தொடங்கும் எண் கிடைத்தால் இன்னும் நல்லது. கொடுமை: போலீஸ் ரிப்போர்ட், மருத்துவச் சீட்டு, குரல் செய்தி, வாட்ஸாப் மிரட்டல், நீங்கள் அழுதபோது கேட்ட தோழியின் கடிதம். உங்கள் நடத்தை: கடந்த 3 வருடத்தில் 6 மாதத்துக்கு மேல் இருந்த ஊர்களின் போலீஸ் சான்று. எல்லாம் இருந்தால்தான் மனு என்று இல்லை. நம்பத் தகுந்த எந்த ஆதாரத்தையும் பார்க்க வேண்டும் என்பதுதான் சட்டம். மாமியார் அனுப்பிய ஆடியோவை அழித்துவிடாதீர்கள்.

இந்தப் பை வீட்டில் இருக்கக் கூடாது. தோழி வீடு, ஆபீஸ் மேஜை, எங்கேயாவது. புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கி எல்லாவற்றையும் படம் எடுத்து அதற்கு அனுப்பிவிடுங்கள், ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைத் திறக்க வேண்டாம். போன் அவர் பெயரில் உள்ள ஃபேமிலி பிளானில் இருந்தால் யாருக்குப் பேசினீர்கள் என்று அவரால் பார்க்க முடியலாம், லொகேஷனும் அப்படித்தான். ஐ-360-இல் பாதுகாப்பான தபால் முகவரி கொடுக்கத் தனி இடமே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வீட்டு முகவரியை எழுதினால், ரசீதுக் கடிதத்தை அவரே பிரிப்பார்.

பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது என் துறை. நாம் "அடித்தார்" என்று சொல்வதில்லை. "கொஞ்சம் கை நீட்டுவார்" என்போம். அப்படியே இங்கிலீஷில் சொன்னால் அவர் கை குலுக்க வந்த மாதிரி இருக்கும். "கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது" என்றால் வக்கீலுக்கு ஒன்றும் விளங்காது. என்ன தேதி, எந்த அறை, எந்தக் கை, எங்கே பட்டது, பிள்ளைகள் எங்கே இருந்தார்கள், அப்புறம் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். வாக்குமூலத்தை முதலில் தமிழிலேயே எழுதுங்கள். யாரோ எழுதிக் கொடுத்த அழகான இங்கிலீஷைவிட அதுதான் உங்கள் குரலில் இருக்கும். பிறகு முழுவதையும் மொழிபெயர்த்து, இரண்டு மொழியும் எனக்குத் தெரியும், இது சரியான மொழிபெயர்ப்பு என்று மொழிபெயர்ப்பவர் கையெழுத்துப் போட்டால் போதும், நோட்டரி தேவையில்லை. ஊரிலிருந்து வரும் தமிழ்ச் சான்றிதழ்களுக்கும் இதே விதிதான்.

மொழிபெயர்ப்பாளராகப் பிள்ளைகளையோ அவர் பக்கத்துச் சொந்தக்காரரையோ கூட்டி வர வேண்டாம். என்னைப் பார்த்தும் தயங்கலாம், தப்பில்லை. எடிசனில் தமிழ் பேசுகிறவரை ஒன்று கோயிலில் பார்த்திருப்பீர்கள், இல்லை தமிழ்ப் பள்ளியில். வேறு ஊரிலிருந்து போனில் பேசும் ஆள் வேண்டும் என்று கேளுங்கள், ஏற்பாடு செய்வார்கள்.

உதவிக்கு: நியூ ஜெர்சியில் மானவி, தெற்காசியப் பெண்களுக்காக 1985-இல் தொடங்கியது. நியூயார்க்கில் சகி, சான் பிரான்சிஸ்கோ பக்கம் மைத்ரி, ஹூஸ்டனில் தயா, அட்லாண்டாவில் ரக்ஷா, சிகாகோவில் அப்னா கர். எந்த மாநிலமானாலும், எந்த நேரமானாலும் தேசிய வீட்டு வன்முறை உதவி எண் 1-800-799-7233. தமிழ் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 911. நியூ ஜெர்சியில் குடும்ப நீதிமன்றத்தில் தற்காலிகத் தடை உத்தரவு கேட்கலாம். ராத்திரியிலும் வார இறுதியிலும் போலீஸ் நிலையம் வழியாகவே கேட்கலாம். அதற்கு விசா ஸ்டேட்டஸ் ஒரு தகுதி இல்லை.

குடும்பத்தைக் கூட்டி வருவது

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மனு ஃபாரம் ஐ-130. குடிமக்களின் கணவன், மனைவி, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், 21 வயதான குடிமகனின் பெற்றோர், இவர்களுக்கு வரிசை கிடையாது. தம்பி தங்கைக்குப் போட்டால் இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு 15 வருடத்துக்கு மேல் ஆகிறது. போட்டு வையுங்கள், ஆனால் அதை நம்பி ஊரில் வீட்டை விற்கச் சொல்லாதீர்கள். வருபவரின் செலவுக்கு நான் பொறுப்பு என்று ஸ்பான்சர் கையெழுத்துப் போடும் ஐ-864 விளையாட்டுத் தாள் இல்லை. விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு முடியாது.

பேப்பரில் நமக்கென்றே ஒரு தலைவலி, இனிஷியல். பிறப்புச் சான்றில் "செல்வி", பள்ளிச் சான்றில் "ஆர். செல்வி", பாஸ்போர்ட்டில் "செல்வி ராமசாமி", கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயர் கடைசியில். அதிகாரிக்கு இவர்கள் நாலு பேர். எந்தெந்தப் பெயரில் எந்தப் பேப்பர் என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஃபாரத்தில் "வேறு பெயர்கள்" என்ற இடத்தில் எல்லாவற்றையும் போடுங்கள். 1970-க்கு முன் பிறந்த பெற்றோருக்குப் பிறப்புப் பதிவு இல்லையென்றால், பதிவு இல்லை என்று பதிவாளர் தரும் சான்றும், விவரம் தெரிந்த மூத்தவர்களின் பிரமாணப் பத்திரமும் வேண்டும்.

சிட்டிசன்ஷிப்

கிரீன் கார்டு வாங்கி 5 வருடம், அல்லது குடிமகனோடு மணமாகிச் சேர்ந்து வாழ்ந்தால் 3 வருடம். குடிமகனான கணவரின் கொடுமையால் தனி மனுப் போட்டுக் கார்டு வாங்கியவர்களுக்கும் 3 வருடம்தான், சேர்ந்து வாழ வேண்டியதில்லை. பலருக்கு இது தெரியவே தெரியாது. 90 நாள் முன்னாலேயே போடலாம். 5 வருடத்தில் 30 மாதம், 3 வருடத்தில் 18 மாதம் உடம்பால் இங்கே இருந்திருக்க வேண்டும். 6 மாதத்தைத் தாண்டிய பயணம் என்றால் என் கதையை நினைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் எழுதி, இங்கே வீடு வைத்திருந்த ஆதாரத்தோடு போங்கள்.

சிட்டிசன்ஷிப் விண்ணப்பமான என்-400-இன் ஃபீஸ், 2024 ஏப்ரலில் வைத்தபடி, இணையத்தில் 710 டாலர், தாளில் 760. குடும்ப வருமானம் குறைவென்றால் 380, அதுவும் முடியாதவர்கள் விலக்குக் கேட்கலாம். அனுப்பும் அன்று அரசின் இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், ஃபீஸ் தப்பினால் கட்டு அப்படியே திரும்பி வரும்.

கைது எப்போதாவது நடந்திருந்தால், வழக்குத் தள்ளுபடியானாலும், கோர்ட்டின் சான்றுப் பிரதியோடு முதலில் வக்கீலைப் பாருங்கள். டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போன இடத்தில் தெரியாமல் வாக்காளர் பதிவுக்குத் தலையாட்டியவர்களும் அப்படியே. இந்த இரண்டு வகையினரும் நேராக மனுப் போட்டால் சிட்டிசன்ஷிப் கிடைக்காததோடு நிற்காது, கையில் இருக்கும் கார்டுக்கே ஆபத்து வரலாம்.

2025 அக்டோபர் 20 முதல் போடும் மனுக்களுக்கு வரலாறு, அரசியல் கேள்விகள் 128. அதில் 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். 50 வயதும் 20 வருடக் கார்டும், அல்லது 55 வயதும் 15 வருடக் கார்டும் ஆனவர்களுக்கு இங்கிலீஷ் பரீட்சை இல்லை. மொழிபெயர்ப்பாளரோடு போய்த் தமிழில் பதில் சொல்லலாம். 65 வயதும் 20 வருடமும் ஆனவர்கள் 20 கேள்விகளை மட்டும் படித்தால் போதும். ஞாபக மறதி, பக்கவாதம் என்று மருத்துவக் காரணம் இருந்தால் டாக்டர் நிரப்பும் என்-648 இருக்கிறது. ஒரு தஞ்சாவூர் அம்மா கேள்விகளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்து, தோசை திரும்பும் நேரத்துக்கு ஒன்று என்று படித்தார். அவரைக் குழப்பியது கேள்விகள் இல்லை. ஃபாரத்தில் வரும் "எப்போதாவது" என்ற சொல்தான். "போலீஸ் எப்போதாவது பிடித்ததா?" என்றால் ஊரில் நடந்ததும், முப்பது வருடத்துக்கு முன் நடந்ததும் சேர்த்தி.

இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. சத்தியப் பிரமாணம் எடுத்ததும் இந்திய பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது. அதைச் சரண் செய்துவிட்டு, வெளிநாட்டுக் குடிமக்களான இந்தியர்களுக்குத் தரும் ஓசிஐ கார்டுக்குப் போட வேண்டும். அதனால் அடுத்த மாதம் தங்கை கல்யாணம் என்றால் தேதியைப் பார்த்து நடங்கள். இலங்கைக்காரர்கள் விண்ணப்பித்து இரண்டையும் வைத்துக்கொள்ள வழி உண்டு.

பிரமாண நாளில் கிரீன் கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு சான்றிதழைக் கையில் கொடுப்பார்கள். அரங்கத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் அதில் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். எனக்கு அப்பா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. படம் எடுக்கும் அவசரத்தில் கவனிக்காமல், கார் நிறுத்தத்திலிருந்து திரும்ப ஓடிப் போனேன்; மேஜையை அப்போதுதான் மடக்கிக்கொண்டிருந்தார்கள்.